தாத்தாவை அப்பாவாக எழுதியது

எங்க மேட்ரனோட கொள்ளுத்தாத்தாவைப் பத்தி எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு என் சொந்தக் கொள்ளுத்தாத்தாவைப் பத்தித் தெரியாது. என் ஆள் கடலுக்குப் போனார், ஒரு நாள் திரும்பி வரல, அவ்வளவுதான் வீட்டுல சொல்லுவாங்க. மேட்ரனோட ஆள் அப்படியில்ல. எந்த ஊர்ல வளர்ந்தார், எந்தப் பஞ்சாலையில வேலை பார்த்தார், எந்தத் தெருவுல வாடகைக்கு இருந்தார், எந்தக் கோயில்ல கல்யாணம் கட்டினார், எல்லாம் எனக்கு மனப்பாடம். வேற வழி? டியூட்டி ரோஸ்டர் போடுறது மேட்ரன். கிறிஸ்மஸுக்கு ஆஃப் வேணும்னா அவங்க கொள்ளுத்தாத்தாவை நானும் கொஞ்சம் சொந்தம் கொண்டாடித்தான் ஆகணும்.

நான் அப்போ அரபு நாட்டுல ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில பிரசவ வார்டு ஸ்டாஃப் நர்ஸ். ரெண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருஷங்கள். அஜ்மான்ல வாடகை குறைவுன்னு நாங்க நர்ஸுங்க சேர்ந்து ஒரு ஃப்ளாட் எடுத்துத் தங்கி, ஆஸ்பத்திரி வண்டியில தினமும் போய் வந்துட்டு இருந்தோம். மேட்ரன் இங்கிலாந்துக்காரங்க. அறுபதை நெருங்கிட்டாங்க, கல்யாணம் கட்டல, குச்சி மாதிரி உடம்பு. கத்த மாட்டாங்க. நாம தப்பு செஞ்சா நம்ம முகத்தையே பார்த்துட்டு நிப்பாங்க, அதுக்கு நாலு வார்த்தை திட்டினாலே தேவலைன்னு இருக்கும். அப்படிப்பட்டவங்க மத்தியானம் டீ நேரத்துல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தா சின்னப் பிள்ளை மாதிரி ஆயிடுவாங்க. இங்கிலாந்துல பழைய ஜனத்தொகைக் கணக்கு, கோயில் பதிவெல்லாம் இன்டர்நெட்ல வர ஆரம்பிச்ச சமயம். "கம், சிஸ்டர், கம்"னு கையைப் பிடிச்சு இழுப்பாங்க. என் டீ ஆறிப்போகும்.

விஷயம் இதுதான். கொள்ளுத்தாத்தாவோட கல்யாணச் சர்டிபிகேட் மேட்ரன்கிட்ட இருந்துச்சு. மாப்பிள்ளையோட அப்பா இன்னார், நெசவாளர், இறந்துட்டார்னு அதுல எழுதியிருந்தாங்க. அந்த நெசவாளரைத்தான் மேட்ரன் ரெண்டு வருஷமாத் தேடிக்கிட்டு இருந்தாங்க. ஆளும் கிடைச்சார். ஆனா கணக்கு உதைச்சுது. கொள்ளுத்தாத்தா பிறந்தப்போ நெசவாளர் கிழவர். அவர் பொண்டாட்டி பேரும் கொள்ளுத்தாத்தாவோட அம்மா பேரும் வேற வேற. "ரெண்டாம் தாரமா இருக்கும் மேட்ரன்"னு சொன்னேன். எங்க கடற்கரையில அப்படி எத்தனை வீடு! பாவம், அதையும் தேடிப் பார்த்தாங்க. அப்படி ஒரு கல்யாணம் எந்தக் கோயில்லயும் நடந்திருக்கல.

ஒரு நாள் இங்கிலாந்துல இருந்து தபால்ல கொள்ளுத்தாத்தாவோட பிறப்புச் சர்டிபிகேட் நகல் வந்துச்சு. என் முன்னாடிதான் பிரிச்சாங்க. பிறந்த இடம் வொர்க்ஹவுஸ்னு போட்டிருந்துச்சு. அது என்னன்னு கேட்டேன். கதியத்தவங்களை வேலை வாங்கிட்டுச் சோறு போடுற இடம்னாங்க. "ஓ, லேபர் கேம்ப்"னு சொன்னேன். அவங்க சிரிக்கல. அம்மா பேர் இருந்துச்சு. அப்பா பேர் இருக்க வேண்டிய இடத்துல பேனாவால ஒரு கோடு, அவ்வளவுதான். அம்மாவோட குடும்பப் பேரும் நெசவாளரோட குடும்பப் பேரும் ஒண்ணு. மேட்ரன் ரெண்டு சர்டிபிகேட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்துட்டுச் சொன்னாங்க: "அந்த நெசவாளர் அவளோட அப்பா. இவருக்கு அப்பா இல்ல, தாத்தா."

எனக்குப் புரியவே நேரமாச்சு. பிறகு அவங்களே விளக்கினாங்க. கல்யாணம் கட்டப் போற இடத்துல, பங்குச் சாமியார் முன்னாடி, பொண்ணு வீட்டுக்காரங்க முன்னாடி, அப்பன் பேர் தெரியாதுன்னு எந்த ஆம்பளை சொல்லுவான்? அதனால செத்துப்போன தாத்தா பேரை அப்பா பேரா எழுதிக் கொடுத்துட்டார். குடும்பப் பேர் ஒத்துப்போகுது, தோண்டிக் கேட்க ஆளில்ல. அந்தக் காலத்துல அப்பன் இல்லாத நிறையப் பேர் இப்படிச் செஞ்சிருக்காங்களாம். குடும்பக் கதை தேடுறவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச தந்திரமாம் இது. "கெட்டிக்காரர்"னு சொன்னேன். மேட்ரனுக்குக் கோபம் வந்துச்சு. "ரெண்டு வருஷம் என்னை ஏமாத்திட்டார்"னாங்க. அதைவிடக் கோபம் அந்த அம்மாக்காரி மேல. "ஒரு பேர், சிஸ்டர். ஒரே ஒரு பேரை அவ சொல்லியிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்?"

அன்னைக்குத்தான் எங்க ஊர் வழக்கத்தையும் கேட்டாங்க. எங்களுக்குக் குடும்பப் பேரே கிடையாது, பாஸ்போர்ட்டுல கடைசியில நிக்கிறது அப்பாவோட சொந்தப் பேர்னு சொன்னேன். கல்யாணத்துக்கப்புறம் சில பேர் புருஷன் பேருக்கு மாத்துவாங்க, சில பேர் அப்படியே விட்டுடுவாங்க. "அப்பா யாருன்னு தெரியாதவங்க என்ன செய்வாங்க?"ன்னு கேட்டாங்க. எங்க ஊர்ல இனிஷியல் இல்லாதவன்னு சொல்றதுதான் பெரிய வசவு, அதைச் சொல்லிட்டா அடிதடிதான்னேன். அவங்களுக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. இன்னொரு நர்ஸ்கிட்ட அதைச் சொல்லிச் சிரிச்சாங்க.

ஒரு பொண்ணு என்னைத் தேடி வந்தது அதுக்குச் சில மாசம் கழிச்சு.

வெள்ளிக்கிழமை தமிழ்ப் பூசையில அவளைப் பார்ப்பேன். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரி. ஒரு வீட்டுல வேலைக்காரியா இருந்தா. அந்த வீட்டுக்காரங்க நல்லவங்க போல, பூசைக்கு விடுவாங்க. பின்னாடி தூணோரமா நின்னு, பூசை முடிஞ்சதும் என் ஊர்ப் பேச்சைக் கேட்டுட்டு ஒட்டிக்கிட்டா. "அக்கா, நீங்க பேசுறது மலையாளமா தமிழா"ன்னு கிண்டல் பண்ணுவா. கொஞ்ச மாசமா ஆளைக் காணல. ஒரு வெள்ளிக்கிழமை கோயில் கேட்டுக்கு வெளிய ஒரு பிளாஸ்டிக் கவரோட நின்னா. பெரிய சால்வையைப் போர்த்தியிருந்தா. நான் பிரசவ வார்டு நர்ஸ். சால்வை எத்தனை மாசத்தை மறைக்குதுன்னு தூரத்துல இருந்தே தெரிஞ்சுபோச்சு. "அடிப்பாவி"ன்னுதான் வாயில வந்துச்சு.

வயிறு தெரிய ஆரம்பிச்சதும் வேலை செஞ்ச வீட்டை விட்டு ஓடி வந்திருந்தா. பாஸ்போர்ட் கஃபீல் கையில, அதாவது விசா எடுத்துக் கொடுத்த முதலாளி கையில. இவகிட்ட இருந்தது முதல் பக்கத்தோட ஜெராக்ஸ் மட்டும். ஃப்ளாட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். கூட இருந்தவங்க பிடிபிடின்னு பிடிச்சாங்க. "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாக்குறியா? மாட்டினா நம்ம எல்லாருக்கும் களி"ன்னாங்க. தப்பே இல்ல, அவங்க சொன்னது சரிதான். அந்த நாட்டுல அப்போ கல்யாணச் சர்டிபிகேட் இல்லாம பிள்ளை பெத்தா ஜெயில். பெத்தவளும் உள்ள, பிள்ளையும் உள்ள, தண்டனை முடிஞ்சதும் ரெண்டு பேரையும் ஊருக்கு ஏத்தி விடுவாங்க. ஆஸ்பத்திரியும் போலீஸுக்குச் சொல்லியே ஆகணும். ஒளிச்சு வச்சவங்களுக்கும் கேஸ் உண்டு.

யாருன்னு கேட்டேன். "ஊர்க்காரனா? டிரைவரா? அந்த வீட்டு ஆம்பளையா?" எல்லாத்துக்கும் தலையைக் குனிஞ்சுகிட்டே இருந்தா. "கேக்காதீய அக்கா"ன்னு ஒரே பேச்சு. எனக்கு வந்த ஆத்திரத்துல சோத்துத் தட்டை நங்குன்னு வச்சிட்டு எழுந்து போயிட்டேன். திரும்பி வந்தா என் தட்டையும் சேர்த்துக் கழுவி வச்சிருந்தா. அவ அப்பா இறந்து ரொம்ப வருஷமாச்சு, அம்மா மட்டும்தான், அதையெல்லாம் தானாச் சொன்னா. பிள்ளையை என்ன செய்யப் போறன்னு கேட்டப்போ மட்டும் நிமிர்ந்து பார்த்தா. "எனக்க பிள்ளை அக்கா. நான் வச்சிக்கிடுவேன்"னா. "எனக்க"ங்கிறது என் ஊர்ப் பேச்சு. என்கிட்டக் கத்துக்கிட்டது. அதுக்கப்புறம் அவளைத் துரத்த எனக்கு வாய் வரல.

பொதுமன்னிப்பு வரப்போகுதுன்னு அப்போ ஒரே பேச்சு. விசா இல்லாதவங்க ஜெயிலுக்குப் போகாம, பாஸ்போர்ட்டுக்குப் பதிலா அவுட்பாஸ் வாங்கிட்டு ஊருக்குப் போயிடலாம். இவ கேஸும் அதுல அடங்கிடும். பிள்ளைக்கு மட்டும் ஆஸ்பத்திரி கொடுக்கிற பிறப்புச் சீட்டு வேணும், அதுல அப்பா பேர் வேணும். அந்தச் சீட்டு இருந்தா தாயும் பிள்ளையும் ஒண்ணா விமானம் ஏறலாம். இல்லாட்டி ஜெயில். ரூம்லயே பிரசவம் பார்த்தாலும் சீட்டு கிடைக்காது. அதோட பிள்ளை தலை திரும்பாம கால் கீழ வச்சுக் கிடந்துச்சு, என் கையில எடுக்கிற கேஸே இல்ல அது.

ராத்திரி பகலா யோசிச்சு ஒண்ணும் தோணல. ஒரு நாள் ஜெராக்ஸை எடுத்துப் பார்த்துட்டு இருந்தப்போ அவ பேருக்குப் பின்னால அவ அப்பா பேர் நின்னுச்சு. மேட்ரனோட கொள்ளுத்தாத்தா ஞாபகம் வந்துச்சு. வேற எங்க இருந்து வரும் அந்தப் புத்தி? அப்பா பேர் போட்டிருக்கிற கடைசிப் பக்கம் ஜெராக்ஸ்ல இல்ல. ரிசப்ஷன்ல உக்காந்திருக்கிறவங்க நாட்டுல பொம்பளைக்குக் கடைசிப் பேர்னா அது புருஷன் வீட்டுப் பேர். இவளோட கடைசிப் பேரையே புருஷன் பேர்னு சொன்னா யாரு கேட்கப் போறா? புருஷன் பஹ்ரைன்ல குதைபியாவுல இருக்கார், சர்டிபிகேட் கூரியர்ல வருதுன்னு சொல்லலாம். வெள்ளிக்கிழமை மேட்ரனுக்கு ஆஃப். அவங்க வர்றதுக்குள்ள சீட்டை வாங்கிடணும்.

மாதா கிருபை, வலி சரியா வியாழக்கிழமைதான் வந்துச்சு. நான் நினைச்ச மாதிரியே ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு ஜெராக்ஸைப் பார்த்து, புருஷன் பேரைக் கேட்டு, தட்டச்சுப் பண்ணிக்கிட்டா. தலையைக்கூட நிமிர்த்தல. வெள்ளிக்கிழமை காலையில பிள்ளை பிறந்துச்சு. கஷ்டப்பட்டுத்தான் எடுத்தாங்க, நீலம் பாரிச்சு வந்தான், பிறகு வீல்னு ஒரு அழுகை. ஆண் பிள்ளை. கையில பட்டை கட்டினேன். எங்க வார்டு வழக்கப்படி பிறந்த பிள்ளைக்குத் தாய் பேர்தான், இன்னாருடைய பேபின்னு எழுதுவோம். ராஜா வீட்டுப் பிள்ளைக்கும் அப்படித்தான். அவ அந்தப் பட்டையில தன் பேரைப் படிச்சுட்டு, "எம் பேருதான் போட்டிருக்கு அக்கா"ன்னு சிரிச்சா. ஓடி வந்த பிறகு அவ சிரிச்சு நான் பார்த்தது அன்னைக்குத்தான்.

சீட்டு போடுற கிளார்க்குக்கும் வெள்ளிக்கிழமை லீவுங்கிறது என் புத்திக்கு உறைக்கல. சனிக்கிழமை காலையில வாங்கிக்கச் சொல்லிட்டாங்க. சனிக்கிழமை காலையில கிளார்க்குக்கு முன்னாடி மேட்ரன் வந்துட்டாங்க.

வார்டு ரவுண்டுல அவ கட்டில்கிட்ட வந்தாங்க. ஃபைலைப் பார்த்தாங்க. நான் பக்கத்துல மருந்து டிரேயைப் பிடிச்சுட்டு நின்னேன். பிள்ளையைத் தொட்டுப் பார்த்து, அழகா இருக்கான்னாங்க. அப்புறம் மெதுவா, அவளுக்குப் புரியிற மாதிரி இங்கிலீஷ்ல கேட்டாங்க: "ஹஸ்பண்ட் நேம்?" நான் சொல்லிக் கொடுத்திருந்தேன், தெளிவாச் சொன்னா. மேட்ரன் தலையாட்டிட்டு ஃபைலை மூடினாங்க. மூடிட்டு, போற போக்குல கேட்கிற மாதிரி, "யுவர் ஃபாதர் நேம்?" ஐயோ, அதை நான் சொல்லிக் கொடுக்கல. ஒண்ணாம் கிளாஸ்ல இருந்து ரேஷன் கடை, பள்ளிக்கூடம், பாஸ்போர்ட் ஆபீஸ், ஏர்போர்ட்டுன்னு எல்லாரும் கேட்டுக் கேட்டுப் பழகின கேள்வி. நம்ம பிள்ளைகளுக்கு அப்பா பேர் கேட்டா வாய் தானாச் சொல்லிடும். சொன்னா. அதே பேர்.

மேட்ரன் என் முகத்தையே பார்த்தாங்க.

அவங்க ரூமுக்குக் கூப்பிட்டாங்க. கதவைச் சாத்தினாங்க. "என் கொள்ளுத்தாத்தாகிட்ட இருந்து கத்துக்கிட்டியா?"ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். பொய் சொல்லி என்ன ஆகப் போகுது? எல்லாத்தையும் கொட்டினேன். பொதுமன்னிப்பு வரப்போகுது, ஒரு சீட்டு போதும், நீங்க எதுவும் செய்ய வேண்டாம், இன்னைக்குக் காலையில ரவுண்டு வராத மாதிரி இருந்தாலே போதும்னு கெஞ்சினேன். கையெடுத்துக் கும்பிட்டேன். எங்க ஊர்ச் சாமியாரைக்கூட நான் அப்படிக் கும்பிட்டதில்ல.

அவங்க கல்நெஞ்சுக்காரி இல்ல. கண்ணு கலங்கித்தான் இருந்துச்சு. ஆனா சட்டம்னாங்க, ஆஸ்பத்திரி லைசென்ஸ்னாங்க. அதுவரைக்கும் எனக்குப் புரிஞ்சுது. அதுக்கப்புறம் சொன்னாங்க பாருங்க: "அந்தப் பிள்ளையோட பேப்பர்ல பொய் எழுத என்னால முடியாது. என் கொள்ளுத்தாத்தா எழுதின பொய்யால நான் ரெண்டு வருஷம் அலைஞ்சேன். பொய்ப் பேரை விடக் கோடு மேல், சிஸ்டர். கோடாவது உண்மை."

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிடுச்சு. "நூறு வருஷம் கழிச்சு எவனோ கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து தேடப் போறான்னு, நேத்துப் பெத்தவளை இன்னைக்கு ஜெயிலுக்கு அனுப்புவீங்களா?"ன்னு கேட்டேன். இங்கிலீஷ்ல ஆரம்பிச்சுத் தமிழ்ல முடிச்சேன் போல, பாதிதான் அவங்களுக்குப் புரிஞ்சிருக்கும். "உன் பேர் எங்கயும் வராது. ரிசப்ஷன்ல நடந்த தப்புன்னு எழுதிடுறேன்"னாங்க. சொன்ன மாதிரியே செஞ்சாங்க. என்னைக் காப்பாத்தினாங்களே, அதுதான் எனக்கு இன்னைக்கும் ஆறல. அந்த ரிசப்ஷன் பொண்ணுக்கு வார்னிங் கொடுத்தாங்க.

போனை எடுக்கிறதுக்கு முன்னாடி மறுபடி என்னைக் கட்டில்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. அப்பன் பேரை அவ சொல்லிட்டா, அவனைக் கூப்பிட்டுக் கல்யாணம் கட்ட வச்சா, சில சமயம் விட்டுடுவாங்களாம். அதை மொழிபெயர்த்துச் சொல்லுன்னாங்க. சொன்னேன். போலீஸ்னதும் அவ முகம் வெளுத்துப்போச்சு. பிள்ளையை இறுக்கிக்கிட்டா. பேர் சொல்லுன்னதும் மாட்டேன்னு தலையாட்டினா. நானும் விடல, "மக்களே, பிள்ளைக்காகவாவது சொல்லு, உனக்குப் பைத்தியமா"ன்னு உலுக்கினேன்.

"சொன்னா அவரையும் உள்ள போடுவாவ அக்கா. கல்யாணம் கெட்ட முடியாது, அவருக்கு ஊர்ல குடும்பம் இருக்கு. உள்ள கெடக்க நான் ஒருத்தி போதும்"னா.

அதை அப்படியே இங்கிலீஷ்ல சொன்னேன். மேட்ரன் கட்டில் கம்பியைப் பிடிச்சுட்டு நின்னாங்க. அப்புறம் கேட்டாங்க: "அவன் மேல பிரியத்துல சொல்ல மாட்டேங்கிறாளா, பயத்துல சொல்ல மாட்டேங்கிறாளா? கேளு." குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. இந்தக் கேள்வி இவளுக்கில்ல, வொர்க்ஹவுஸ்ல கிடந்தவளுக்குன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. வேண்டா வெறுப்பாக் கேட்டேன்.

அவ மேட்ரனை ஏற இறங்கப் பார்த்தா. "அது தெரிஞ்சு இவங்களுக்கு என்ன ஆகணுமாம்?"னு கேட்டா.

அதை நான் மொழிபெயர்க்கல. அவளுக்குத் தெரியலையாம்னு சொல்லிட்டேன்.

மத்தியானம் பொம்பளைப் போலீஸ் வந்தாங்க. மரியாதையாத்தான் நடந்துக்கிட்டாங்க, ஒருத்தி பிள்ளையைப் பார்த்து "மாஷா அல்லா"ன்னுகூடச் சொன்னா. வீல் சேர்ல உக்காத்தி, மடியில பிள்ளையைக் கொடுத்துத் தள்ளிட்டுப் போனாங்க. அவ யாரையும் பார்த்துக் கையாட்டல. என்னைத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்கல, என்னை மாட்டி விடக்கூடாதுன்னு. நான் பக்கத்துக் கட்டில் பொம்பளைக்கு பி.பி. பார்த்துட்டு இருந்தேன். எவ்வளவு இருந்துச்சுன்னு எழுத மறந்துட்டேன், மறுபடி பார்க்க வேண்டியதாப் போச்சு.

பொதுமன்னிப்பு வந்துச்சு. ஜெயில்ல இருக்கிறவங்களுக்கு அது கிடையாது. எங்க கோயில்ல இருந்து ஜெயிலுக்குப் போய்ப் பார்க்கிற ஒரு அம்மா இருந்தாங்க. அவங்க மூலமா சோப்பு, பால் பவுடர், பிள்ளைக்குத் துணி கொடுத்தனுப்புவேன். பையன் குப்புற விழுந்தான், பல்லு முளைச்சுதுன்னு சேதி வரும். "உங்களைக் கேட்டா"ன்னு சொல்லுவாங்க. பிறகு ஒரு நாள் ரெண்டு பேரையும் ஊருக்கு ஏத்தி விட்டாச்சுன்னாங்க. ஏர்போர்ட்டுக்கு வண்டியில ஏத்தினப்போ பிள்ளை அவ இடுப்புல இருந்தானாம், அந்த அம்மா கண்ணால பார்த்திருக்காங்க. அப்பாடான்னு அன்னைக்கு மெழுகுதிரி ஏத்தினேன். எப்படியோ, தாயும் பிள்ளையும் ஒண்ணாப் போய்ச் சேர்ந்துட்டாங்கன்னு நினைச்சேன்.

மேட்ரனும் ரிட்டயர் ஆகி இங்கிலாந்துக்குப் போயிட்டாங்க. அந்தச் சனிக்கிழமைக்கப்புறம் கொள்ளுத்தாத்தா பேச்சை என்கிட்ட எடுக்கவே இல்ல. கிறிஸ்மஸ் ஆஃப் மட்டும் கேட்காமலே கிடைச்சுது. போய் ஒரு வருஷத்துக்கு மேல ஆன பிறகு ஒரு ஈமெயில் அனுப்பினாங்க. இன்னும் தேடிட்டுத்தான் இருக்காங்களாம், அந்த அப்பன் கிடைக்கலையாம், இனிமே கிடைக்க மாட்டானாம். "அந்தப் பையனை நினைக்காத நாள் இல்ல. அவன் எங்க இருக்கான், எப்படி இருக்கான்னு விசாரிச்சுச் சொல்ல முடியுமா? அவன் படிப்புக்கு ஏதாவது செய்யணும்"னு எழுதியிருந்தாங்க. படிச்சதும் கெட்ட கோபம். செய்யிறதைச் செஞ்சுட்டு இப்போ விசாரணையான்னு கம்ப்யூட்டரை மூடிட்டேன். ஆனா எனக்கும் பார்க்கணும்னு ஆசைதான். அடுத்த லீவுல ஊருக்கு வந்தப்போ, பையனுக்கு ஒரு ஜோடி ஷூவும் ஒரு பொம்மைக் காரும் வாங்கிக்கிட்டு பஸ் ஏறினேன்.

அவ ஊர்ல போய் அவ அப்பா பேரைச் சொல்லி, அவரு மகள்னு கேட்டேன். உடனே சொல்லிட்டாங்க. வெளிநாட்டுல இருந்து வந்த கையோட கல்யாணம் ஆச்சாம், பக்கத்துக் கடற்கரையில கட்டிக் கொடுத்திருக்காம். அம்மாவும் மகள் கல்யாணத்தைப் பார்த்துட்டுப் போய்ச் சேர்ந்துட்டாங்களாம். "வரும்போது கூட யாராவது இருந்தாங்களா?"ன்னு சுத்தி வளைச்சுக் கேட்டேன். "யாரு இருப்பாவ? தனியாத்தான் வந்தா, ஒரு பையோட"ன்னாங்க. அவ தனியா வந்திருந்தா, ஏர்போர்ட்டுல இருந்து வீடு வந்து சேர்ற வழியில இடுப்புல இருந்த பிள்ளை எங்க?

பக்கத்துக் கடற்கரைக்கு நடந்தே போனேன். கோயிலுக்குப் பின்னாடி வீடுன்னு சொல்லியிருந்தாங்க. வாசல்ல அவ மாமியார் கருவாடு பரப்பிட்டு இருந்தாங்க. திடமான பொம்பளை, நல்ல சிரிச்ச முகம். "யாரத் தேடி வாறிய?"ன்னு கேட்டாங்க. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அவளே வெளிய வந்தா. இடுப்புல ஒரு பிள்ளை, பெண் பிள்ளை, ஒரு வயசு இருக்கும். என்னைப் பார்த்தவ அப்படியே நின்னுட்டா. மாமியார் அவளைத் திரும்பிப் பார்த்து, "ஒனக்குத் தெரிஞ்சவளா?"ன்னு கேட்டாங்க.

"எனக்குத் தெரியாது அத்தை. ஆள் மாறி வந்திருப்பாவ"ன்னா.

வெயில்ல வந்திருக்கேன்னு மாமியார் தண்ணி எடுக்க உள்ள போனாங்க. அவ்வளவுதான் நேரம். கிட்டப் போனேன். "பிள்ளை எங்கடீ?"ன்னு கேட்டேன்.

"எந்தப் பிள்ளை?"

என் கண்ணைப் பார்த்துத்தான் கேட்டா. நான் அவ கையைப் பிடிச்சேன். உதறல, பிடிச்சுக்கவும் இல்ல. "எங்க விட்ட? கன்னியாஸ்திரி மடத்துலயா? அதை மட்டும் சொல்லு, நான் போய்ப் பார்த்துக்கிறேன்"னேன். "போயிருங்க அக்கா"ன்னா. இடுப்புல இருந்த பிள்ளை என் கையில இருந்த பொம்மைக் காரைப் பிடிக்கக் கையை நீட்டுச்சு. அவ ஒரு எட்டு பின்னால நகர்ந்துட்டா.

மாமியார் செம்புல தண்ணியோட வந்தாங்க. குடிச்சேன். மூச்சு விட முடியாத மாதிரி மடமடன்னு குடிச்சேன். "அப்போ யாரத்தான் தேடி வந்தியம்மா?"ன்னு கேட்டாங்க.

"ஒரு பிள்ளையத் தேடி வந்தேன்"னேன்.

"யாரு பிள்ளை? அப்பன் பேரச் சொல்லு. இந்தக் கரையில எனக்குத் தெரியாத ஆளு கெடையாது, நானே கொண்டு போய் விடுதேன்."

அவ என்னையே பார்த்துட்டு நின்னா. எனக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு பேர்தான், அந்த ஆஸ்பத்திரி ஃபைல்ல ரெண்டு இடத்துல எழுதின அவ அப்பா பேர். அதைச் சொன்னா அவ வாழ்க்கை அந்த வாசல்லயே முடிஞ்சுபோகும்.

"அப்பா பேர் தெரியாது"ன்னேன்.

மாமியாருக்குச் சிரிப்பு வந்துடுச்சு. செம்பை வாங்கிக்கிட்டு மருமகளைப் பார்த்து, "கேட்டியா இந்தக் கூத்த?"ன்னாங்க. பிறகு என் மேல இரக்கப்பட்டு, மெதுவாத்தான் சொன்னாங்க: "அப்பன் பேரே தெரியாம ஒரு பிள்ளைய எங்கன்னும்மா போய்த் தேடுவ?"